ஆல்ப்ஸ் மலையில் முல்லைத்திணை

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்க இலக்கியத்தில் உணவு என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னை அழைத்திருந்தார்கள். அழைப்புக் கடிதம் வந்த நாளில் நான் சுவிட்சர்லாந்து நாட்டின் மலைகளில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தேன். கண்ணை மூடினால் தினைப்புனம் தோன்றவில்லை. செப்புக் கொப்பரையில் கொதிக்கும் பாலே தோன்றியது. ஆகவே தலைப்பைச் சற்று மாற்றிக்கொள்ள இசைவு கேட்டேன். பெருந்தன்மையுடன் இசைவு தந்தார்கள். "தமிழ்ப் பேராசிரியைக்கு ஆல்ப்ஸ் மலைச் சாப்பாட்டில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வினா நியாயமானதே. இவ்வுரை முடிவதற்குள் விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சங்க அகப்பாடல்களின் கருப்பொருள்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். குறிஞ்சிக்குத் தினையும் மூங்கிலரிசியும் தேனும், முல்லைக்கு வரகும் சாமையும், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளும் எனப் பட்டியலிட்டு, அட்டவணை வரைந்து, தேர்வாளர்களின் பாராட்டையும் பெற்றேன். அந்த ஆய்வேட்டை எழுதி முடிக்கும்வரை ஒரு கவளம் தினைச்சோறு நான் உண்டதில்லை. இன்று என்னை வெட்கப்படச் செய்யும் உண்மை இது.

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தை முதலில் வைத்தார். அதற்கு அடுத்த இடத்திலேயே உணவை வைத்தார். மரமும் புள்ளும் பறையும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. ஒரு நிலம் எத்தகையது என்று அறிய வேண்டுமாயின், அங்குள்ளோர் எதனை வணங்குகின்றனர், எதனை உண்கின்றனர் என்று பார் என்பதே அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்தும் செய்தி எனலாம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டே நான் அம்மலைகளைக் காணச் சென்றேன்.

மலையாயினும் குறிஞ்சி அன்று

மலை என்றதும் நமக்குக் குறிஞ்சி நினைவுக்கு வருகிறது. மேட்டர்ஹார்ன் சிகரம் 4,478 மீட்டர் உயரம் உடையது. அதனை நிமிர்ந்து நோக்கியபோது, இது குறிஞ்சியின் தலைநகர் என்றே எண்ணினேன். இரண்டே நாள் உணவில் அவ்வெண்ணம் மாறிவிட்டது. அம்மலையில் தேனும் கிழங்கும் வேட்டைப்பொருளும் முதன்மை பெறவில்லை. எங்கும் பால், எங்கும் வெண்ணெய், எங்கும் பாலாடைக்கட்டி. நிலத்தால் குறிஞ்சி, உணவாலும் ஒழுக்கத்தாலும் முல்லை. நம் நீலகிரியின் தோடரையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் வாழ்வதும் உயர்மலையே. ஆயினும் அவர்தம் எருமைகளும், கோயிலெனப் போற்றும் பால்மனைகளும் முல்லையின் சாயலையே காட்டுகின்றன.

ஆல்ப்ஸ் ஆயர்களின் ஆண்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். பனிக்காலத்தில் மாடுகள் பள்ளத்தாக்கின் தொழுவத்தில் உலர்புல் தின்று கிடக்கும். இளவேனில் வந்ததும் நடுமலையில் உள்ள மேய்ச்சல் குடில்களுக்கு ஏறும். ஜூன் மாதத்தில், மரங்களின் எல்லையைக் கடந்த உச்சிப் புல்வெளிக்குச் செல்லும். அந்த உச்சிப் புல்வெளிக்கே 'ஆல்ப்' என்று பெயர். நாம் மலைத்தொடரின் பெயராக வழங்கும் சொல் அம்மக்களின் வாயில் மேய்ச்சல் நிலத்தின் பெயராகவே வாழ்கிறது! ஏறத்தாழ நூறு நாள் அங்கே மேய்ந்தபின், செப்டம்பரில் மாடுகளின் தலையில் மலர்முடி சூட்டிப் பெருமணிகளைக் கழுத்தில் கட்டி ஊருக்கு இறக்கி வருவர். ஊரே தெருவில் நின்று வரவேற்கும். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இம்மேய்ச்சற்பருவ மரபினை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

அந்த நூறு நாளும் மேலே சென்றவர்கள் பெரும்பாலும் ஆடவர். கீழே வயலையும் குழந்தைகளையும் காத்து, மணியோசை எப்போது இறங்கிவரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் பெண்டிர். இருத்தலும் இருத்தல் நிமித்தமும் முல்லைக்கு உரிய உரிப்பொருள் என்று நான் எத்தனை வகுப்புகளில் பாடம் சொல்லியிருப்பேன்! கார்காலம் வந்தது, அவர் வரவில்லை என்று ஏங்கும் தலைவியை அந்த மலையூர்த் தெருவில் நின்றபோது புதிதாகப் புரிந்துகொண்டேன்.

பாலில் கட்டிய களஞ்சியம்

'பாலாடைக்கட்டி' என்று நாம் வழங்கும் சொல் சற்றே பொருந்தாத சொல். ஆடை என்பது பாலின் மேலே படிவது. அவர்கள் செய்வதோ பாலின் முழு உடலையும் உறையச் செய்து இறுக்குவது. பொருள் நம் நிலத்தில் இல்லாமையால் சொல்லும் இரவல் உடையணிந்து வந்துவிட்டது. நாம் பாலைத் தயிராக்கி, மோராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கிக் காத்தோம். வெப்பநாட்டுக்கு அது உகந்த வழி. ஆறு மாதம் புல்லே முளைக்காத பனிநாட்டில் கோடையின் புல்லைக் குளிர்காலத்துக்கு எடுத்துச்செல்ல ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. அந்தப் பாத்திரமே பாலாடைக்கட்டி. ஒரு கிலோ கெட்டியான கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் வேண்டும். பத்துக் குடத்தை ஒரு குடமாக்கித் தோளில் சுமந்து இறங்கும் சூழ்ச்சி அது.

வோ மாநிலத்து மலைகளில் 'லெத்திவா' என்றொரு வகை உண்டு. ஏறத்தாழ எழுபது குடும்பத்தார் மட்டுமே அதனைச் செய்கின்றனர். மே 10 முதல் அக்டோபர் 10 வரை, உச்சிப் புல்வெளியிலேயே, விறகுத் தீயில், செப்புக் கொப்பரையில் காய்ச்சியதாக இருந்தால்தான் அப்பெயரை இடலாம். 1930களில் அரசின் பொது ஏற்பாட்டிலிருந்து விலகித் தம் பழைய முறையைக் காத்தவர்கள் அவர்கள். 2000ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில் பிறப்பிடப் பெயர்க் காப்பினைப் பெற்ற முதல் பாலாடைக்கட்டி என்னும் பெருமை அதற்கே கிடைத்தது.

பால் உறைந்ததும் அதனைத் துண்டாக்க ஒரு கருவியை இறக்குகின்றனர். மெல்லிய கம்பிகள் வரிசையாகக் கட்டிய சட்டம் அது. அதற்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயர் 'யாழ்' என்னும் பொருள் தருவது! மாலையில் கத்தோலிக்க மலையூர்களில் ஆயன் ஒருவன் மேட்டில் நின்று மலையையும் மந்தையையும் மக்களையும் காக்குமாறு இறைவனை விளித்துப் பாடுகிறான். அவன் வாயில் வைத்துப் பாடும் குழல் வேறொன்றும் அன்று. பால் வடிக்கும் மரப்புனலே. தெய்வம், உணவு, தொழில், யாழ், பண் என நம் இலக்கணம் தனித்தனியே எண்ணும் கருப்பொருள்கள் அங்கே ஒரே குடிலுக்குள் ஒன்றாய் நிற்கின்றன. கவிஞர்களே, இதற்கு மேல் ஒரு படிமம் உங்களுக்கு வேண்டுமா?

பெர்ன் மாநிலத்தின் யூஸ்டிஸ் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு பங்கீட்டு விழா நிகழ்கிறது. ஒவ்வொருவருடைய பசு கோடையில் எவ்வளவு பால் கறந்ததோ அதற்கேற்பக் கட்டிகளை அடுக்கி, சீட்டெடுத்துப் பிரித்துக் கொள்கின்றனர். எவர் பங்கு எந்த அடுக்கு என்பதை நல்லூழ் முடிவு செய்யும். எவ்வளவு என்பதை உழைப்பு முடிவு செய்யும். அறத்துக்கு இதைவிட எளிய உரை உண்டோ?

மலையில் உண்ணத்தக்கவை

நம்மில் பலருடைய பிள்ளைகள் இப்போது அயல்நாடுகளில் வாழ்கின்றனர். நாளை நீங்களும் அம்மலைகளுக்குச் செல்லலாம். ஆகவே, உண்ணத்தக்கன சிலவற்றைக் கூறுவது கடன்.

வலே மாநிலத்தின் பெருமை 'ராக்லெட்'. சுரண்டுதல் என்னும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்த பெயர். பெரிய வட்டக் கட்டியைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தைத் தணலின் முன்னே பிடிக்கின்றனர். முகம் உருகிக் குமிழியிடும்போது கத்தியால் ஒரே வீச்சில் தட்டில் சுரண்டித் தள்ளுகின்றனர். தோலுடன் வேகவைத்த உருளைக்கிழங்கும், புளிக்காடியில் ஊறிய சிறு வெள்ளரியும் வெங்காயமும் உடன் வரும். ஒரு தட்டு முடிந்த பின்னரே மறு தட்டு. சுரண்டுபவர் உண்பவர் முகத்தைப் பார்த்துப் பரிமாறுகிறார். பந்தியில் நின்று இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் நம் ஊர்ப் பெரியவர்களை எனக்கு அது நினைவூட்டியது. உடன் குளிர்நீர் அருந்தக்கூடாது, வெள்ளைத் திராட்சை மதுவோ சூடான தேநீரோதான் ஆகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் தேநீர்க் கட்சி.

அதே மாநிலத்தின் கம்பு போன்றது அவர்களுடைய 'ரை' தானியம். உயர்ந்த மலைச்சரிவிலும் குளிரிலும் வளரவல்லது. அதன் மாவை நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் சேர்த்துச் செய்யும் கருநிற ரொட்டிக்கு 2004ஆம் ஆண்டில் பிறப்பிடப் பெயர்க் காப்பு கிடைத்தது. பழங்காலத்தில் ஊர்ப்பொது அடுப்பை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே மூட்டுவர். ஒருமுறை சுட்டது மாதக்கணக்கில் இருக்கவேண்டும். ரொட்டி கல்லாக இறுகிவிடும்; பலகையில் பொருத்திய தனிக் கத்தியால் வெட்டுவர்.

இங்கே ஒரு நூலை நினைக்காமல் இருக்க முடியாது. யோகன்னா ஸ்பிரி 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹைடி' என்னும் கதை. மலைச்சிறுமி ஹைடி நகரத்துச் செல்வர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே மேசையில் வைக்கும் மெத்தென்ற வெள்ளை ரொட்டிகளை உண்ணாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உடைப்பெட்டியில் ஒளித்துவைக்கிறாள். மலையில் இருக்கும் பார்வையற்ற மூதாட்டிக்குக் கரிய ரொட்டியை மெல்லப் பல் இல்லை. அவருக்காக இந்தச் சேமிப்பு. குழந்தைக் கதை என்று நாம் ஒதுக்கிவைக்கும் நூலில் ஒரு நிலத்தின் வறுமையும் ஒரு பேத்தியின் அன்பும் ஒரு துண்டு ரொட்டியில் அடங்கிவிட்டன. கவிதையில் பொருள்கள் பேச வேண்டும் என்று நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். ஸ்பிரி அம்மையார் ரொட்டியைப் பேசவைத்தார்.

ஆயர்களின் அன்றாட உணவு 'ஆல்ப்ளர்மக்ரோனன்'. மக்ரோனி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, பாலேடு ஆகியவற்றை ஒன்றாக்கி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத் தூவி, ஆப்பிள் மசியலுடன் தருகின்றனர். இத்தாலியின் மக்ரோனி இம்மலைகளில் பரவியதற்கு, 1882ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கோட்ஹார்ட் இரயில்வழிச் சுரங்கத்தைத் தோண்டவந்த இத்தாலியத் தொழிலாளரும் ஒரு காரணம் என்பர். உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவிலிருந்து வந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஊன்றிக்கொண்டது. அந்த விருந்தாளி இல்லாமல் இன்று ராக்லெட்டும் இல்லை, பெர்ன் உழவரின் காலையுணவாகிய 'ரோஷ்டி'யும் இல்லை. உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் முறுக வார்க்கும் அடை அது. ஜெர்மன் பேசுவோர்க்கும் பிரெஞ்சு பேசுவோர்க்கும் இடையிலுள்ள மொழி எல்லையை அந்நாட்டார் 'ரோஷ்டிப் பள்ளம்' என்றே வேடிக்கையாக அழைக்கின்றனர். மொழி எல்லைக்கு ஓர் அடையின் பெயர்!

'ஃபோன்டூ' பற்றி ஒரு சொல். மண்கலத்தில் பூண்டு தேய்த்து, வெள்ளை மதுவில் கட்டிகளை உருக்கி, நீண்ட முள்ளில் ரொட்டித் துண்டைக் குத்தித் தோய்த்து உண்பது. ரொட்டியைக் கலத்துள் தவறவிட்டவர் தண்டம் செலுத்த வேண்டும். இதனை ஆதிகாலம் முதல் வரும் தேசிய உணவு என்று பலரும் கருதுகின்றனர். மேற்குப் பகுதி உணவாக இருந்த அதனை 1930கள் தொடங்கி விளம்பரத்தின் வழி நாடு முழுவதற்கும் உரியதாக்கியது சுவிஸ் பாலாடைக்கட்டி ஒன்றியம். விற்காமல் தேங்கிய கட்டிகள் அதன் கவலை. அவ்வொன்றியம் 1999ஆம் ஆண்டில் கலைந்துவிட்டது, ஃபோன்டூ நிலைத்துவிட்டது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் விற்கும் 'தார்த்திஃப்லெட்' இன்னும் இளையது. பழைய உணவொன்றைத் தழுவி 1980களில் அது பரவியது. ஆனால் அதில் இடும் 'ரெப்லோஷோன்' கட்டி பழமையானது. நிலக்கிழாரின் ஆள் பாலை அளக்கவரும்போது ஆயர் முழுதும் கறக்கமாட்டாராம். அவன் சென்றபின் இரண்டாம் முறை கறந்த கொழுமையான பாலில் செய்தது அது. இரண்டாம் முறை கறத்தல் என்பதே அப்பெயரின் பொருள். வரிக்கு எதிரான ஏழையின் எள்ளல் ஒரு பெயருக்குள் பதுங்கியிருக்கிறது. மரபு என்பது ஒருபுறம் காக்கப்படுவது, ஒருபுறம் ஆக்கப்படுவது. இரண்டையும் பிரித்தறிவது ஆராய்ச்சியாளர் கடமை. இரண்டையும் சுவைப்பது விருந்தினர் கடமை.

மரக்கறி உண்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. மரபான மலைக்கட்டிகள் பலவற்றில் பால் உறையச் சேர்க்கும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து பெறுவது. ஐயம் உடையோர் கேட்டறிந்து உண்பது நன்று. உருளைக்கிழங்கை வேகவைத்து உதிர்த்து, மாவு பிசிறி, வெண்ணெயில் பொறுமையாகப் புரட்டிச் செய்யும் 'மலுன்ஸ்' என்னும் கிராவ்புண்டன் மாநிலத்து உணவு அவர்களுக்கு ஏற்றது. நம் உதிர்ந்த புட்டின் தங்கை என்று அதனைச் சொல்லலாம்.

திரும்பிவந்தவர்களின் இனிப்பு

அந்தக் கிராவ்புண்டன் மாநிலத்தின் எங்கடின் பள்ளத்தாக்கில்தான் என் மனத்தை மிகவும் தைத்த பண்டத்தை உண்டேன். சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சிப் பாலேடும் வாதுமைக் கொட்டையும் சேர்த்துப் பூரணமாக்கி, வெண்ணெய் மாவில் மூடிச் சுடும் பணியாரம் அது. நாம் அக்ரூட் என்று வழங்கும் கொட்டை. வியப்பு என்னவெனில், எங்கடின் உயர்நிலத்தில் அக்கொட்டை விளைவதில்லை, கரும்பும் இல்லை. பின் எவ்வாறு அது அந்த ஊரின் அடையாளமாயிற்று?

வறுமையால் அம்மலையின் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வெனிசு நகரம் சென்று இனிப்புக்கடை வைத்தனர். 1766ஆம் ஆண்டில் வெனிசு அவர்களை வெளியேற்றியது. ஐரோப்பாவின் நகரங்கள் எங்கும் அவர்கள் சிதறினர். சென்ற இடமெல்லாம் அடுப்பு மூட்டினர். முதுமையில் திரும்பியவர்கள் தம்முடன் கொண்டுவந்த கைத்திறனில் பிறந்ததே இப்பணியாரம். ஊரில் விளையாத பொருளால் ஊரின் பெயரில் ஓர் இனிப்பு. அதனை அகதிகளின் கல்வெட்டு என்பேன். அம்மக்களின் தாய்மொழியாகிய ரோமான்ஷ் மிகச் சிலரே பேசும் மொழி. 1938ஆம் ஆண்டில் வாக்கெடுப்பின் வழியாக நாட்டின் நான்காம் தேசிய மொழியாக ஏற்கப்பெற்றது. பணியாரத்துக்கு அம்மொழியிலும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரைச் சொல்லிக் கேட்டபோது கடைக்கார மூதாட்டி முகம் மலர்ந்து ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்.

ஊர்நினைவு நோய்க்கு உலகமொழிகளில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லே இம்மண்ணின் மக்களை முன்னிட்டுப் பிறந்தது. 1688ஆம் ஆண்டில் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் அச்சொல்லைப் படைத்தார். அயல்நாட்டுப் படைகளில் கூலிவீரராகச் சென்ற சுவிஸ் இளைஞர்கள், மாடுகளை அழைக்கும் மலைப்பாட்டைக் கேட்டால் உள்ளம் உடைந்து போவார்கள் என்று ரூசோ தம் இசை அகராதியில் எழுதியுள்ளார். நாம் இன்று செல்வ நாடு என்று வியக்கும் அந்நாடு தன் பிள்ளைகளை வயிற்றுக்காக வெளியே அனுப்பிய நாடு. அதனை மறவாதீர்கள்.

ஒரு சமையலறையில்

நான் தங்கியிருந்தது என் பழைய மாணவியின் இல்லத்தில். அவள் கணவர் யாழ்ப்பாணத்தவர். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையை விட்டு அந்நாட்டில் தஞ்சம் புகுந்த தமிழர் இன்று ஐம்பதாயிரம் அளவில் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் தொடக்க காலத்தில் உணவகங்களின் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கியும் கிழங்கு உரித்தும் வாழ்வைத் தொடங்கியவர்கள். இவரும் அவ்வாறே தொடங்கி, இப்போது ஒரு மலையூர் உணவகத்தில் தலைமைச் சமையற்காரராக இருக்கிறார்.

ஒரு நாள் பிற்பகல், விருந்தினர் இல்லாத வேளையில், என்னைத் தம் சமையலறைக்கு அழைத்துச் சென்று ரோஷ்டி வார்த்துக் கொடுத்தார். விளிம்பு மொறுமொறுவென்றும் நடுவே மெத்தென்றும் இருந்தது. "எப்படிக் கற்றீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே சொல்கிறேன்.

"ரீச்சர், இருபத்தெட்டு வருசமா இந்தக் கிழங்கைத்தான் சீவிறன். இஞ்ச வாற சனம் சாப்பிட்டிட்டு, தங்கட அம்மம்மா செய்தது மாதிரியே இருக்கு எண்டு சொல்லுங்கள். அவையின்ர அம்மம்மாவின்ர கைப்பக்குவம் எனக்கு வந்திட்டுது. என்ர அம்மாவின்ர ஒடியற்கூழ் மட்டும் எனக்கு வராது. கேட்டு வைக்காமல் விட்டிட்டன். இப்ப கேக்கிறதுக்கு அவ இல்லை."

ஒடியல் மாவு அங்குள்ள தமிழ்க்கடையில் கிடைக்கிறது, மீனும் கிடைக்கிறது, பலாக்கொட்டையும்கூட உறைகுளிர்ப் பெட்டியில் கிடைக்கிறது. பொருள் எதுவும் குறையவில்லை. எந்தப் பதத்தில் மாவைக் கரைத்தார், எப்போது புளியை விட்டார், பலாவிலையை எப்படிக் கோலினார் என்பதைச் சொல்லும் வாய் ஒன்றுதான் குறைந்தது. நான் மறுமொழி கூறவில்லை. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் உண்டேன். அப்போது அதைத் தவிர வேறு மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் பாட்டி நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர் மானாவாரிப் புன்செய் பூமி. பாட்டி சாமையைக் குத்திச் சோறாக்குவார். முறத்தை எடுத்தால் அவர் கைக்கு நான்கு வேலை. புடைத்தல் வேறு, கொழித்தல் வேறு, தெள்ளுதல் வேறு, நேம்புதல் வேறு. இந்நான்கு சொற்களையும் அகராதியில் பார்த்து நான் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மணிக்கட்டு எவ்வாறு திரும்பும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாட்டி உயிருடன் இருந்தபோது நான் நூலகத்தில் முல்லைநில உணவைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த முல்லையை விட்டுவிட்டு ஏட்டில் முல்லையைத் தேடியவள் நான்.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம்

இவ்விழாவுக்காக நம் வட்டம் பத்தாண்டுகளில் வெளியிட்ட கவிதைத் தொகுப்புகள் அனைத்தையும் மீண்டும் படித்தேன். மனத்தில் பட்டதை உரிமையுடன் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். அவற்றில் பசி உண்டு. பசியைப் பாடாத கவிஞர் இல்லை. ஆனால் அப்பசி எதற்காகப் பசித்தது என்பது இல்லை. கம்பங்கூழா, வரகுச்சோறா, பழையசோறும் சுண்டிய குழம்புமா? பெயர் இல்லை. பெயர் இல்லாத பசி எந்த ஊரின் பசியாகவும் இருக்கலாம். அதனால் எந்த ஊரின் பசியாகவும் ஆகாமல் போகிறது. உணவு பெண்டிர் கையில் இருந்தமையால் அது கவிதைக்குரிய பொருளன்று என்று நாம் எண்ணிவிட்டோமோ என்றும் ஓர் ஐயம் எனக்கு உண்டு. சங்கப் புலவர் அவ்வாறு எண்ணவில்லை.

ஆல்ப்ஸ் மலை மக்கள் தம் உணவைக் காத்த முறைகள் யாவும் அப்பழுக்கற்றவை என்று நான் சொல்லவில்லை. வணிகம் அதில் உண்டு, விளம்பரம் உண்டு. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டின் பனியாறுகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கினை இழந்தன. அந்த முல்லையும் நாளை பாலையாகலாம் என்ற அச்சம் அவர்களுக்கும் இருக்கிறது. ஆயினும் எந்தப் புல்லில், எந்தத் தீயில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நாம் எழுதி வைக்கவில்லை.

ஆகவே விண்ணப்பம் இதுதான். வட்டத்தின் பதினோராம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ ஊரிலோ இருக்கும் மூத்த பெண்மணி ஒருவரிடம் சென்று அமருங்கள். ஓர் உணவைச் செய்யச் சொல்லி, அவர் வாய்ச்சொல்லில், அவர் வட்டார வழக்கில் எழுதுங்கள். அளவை நாழியும் உழக்கும் கைப்பிடியுமாக இருந்தால் அவ்வாறே எழுதுங்கள், கிராமுக்கு மாற்றாதீர்கள். அதன் பின்னர் கவிதை எழுதுங்கள். எழுதாவிட்டாலும் குற்றமில்லை, அந்தக் குறிப்பே போதும். அவற்றைத் திரட்டி ஒரு நூலாக்கும் பணியை நான் ஏற்கிறேன். முதற் குறிப்பாக என் தாயாரின் சாமைப் பொங்கலைத் தருகிறேன். அவருக்கு வயது எழுபத்தாறு. சென்ற வாரம் அவரருகே அமர்ந்து எழுதத் தொடங்கினேன். மூன்று முறை என்னைத் திருத்தினார்.

மலைக்குச் செல்லுங்கள். ராக்லெட்டும் ரோஷ்டியும் உண்ணுங்கள். கரிய ரொட்டியை மென்று பாருங்கள். எங்கு சென்றாலும் நம் சாம்பார்ப் பொட்டலத்தைத் தேடி ஓடாமல், அந்த நிலம் எதனைத் தருகிறதோ அதனை வாங்கிக்கொள்ளுங்கள். உண்டு முடித்தபின் ஒன்றை மட்டும் மறவாமல் செய்யுங்கள்: வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, அம்மா இன்று என்ன சமைத்தார், எப்படிச் சமைத்தார் என்று கேளுங்கள்.